குடத்துக்குள் கைவிட்ட சிறுவன்

(ஐயங்கார்குளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னை அழைத்தபோது, பள்ளிக்கூடத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார்கள். 31 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசலாம், தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிப் பேசலாம். ஆனால் சில ஆண்டுகளாக என் மனத்தில் ஒரே ஒரு கேள்விதான் கிடந்து உறுத்துகிறது. பள்ளியில் ஆயுதத்துக்கு இலக்காகி உயிர் பிழைத்த ஒரு பிள்ளை, அந்த ஆயுதத்தைப் பற்றிச் சட்டம் எழுதுகிற இடத்தில் பேசலாமா, கூடாதா? பேசினால் நாம் கேட்போமா?

நம் பக்கத்து உத்திரமேரூரிலிருந்து தொடங்குகிறேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, 919லும் 921லும் வெட்டியவை. குடவோலை முறை என்று நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிப்பது அவற்றில் உள்ளதைத்தான். வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர் 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும், கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வைத்திருக்க வேண்டும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது என்று நீள்கிறது பட்டியல். பிராமண ஆண்களுக்கு மட்டுமேயான சபை அது. அதையும் சொல்லிவிட்டுத்தான் அதன் பெருமையைப் பேச வேண்டும்.

தேர்வுக்கல்வியில் விடுபட்டுப்போகும் ஒரு வரி அந்தக் கல்வெட்டில் உண்டு. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்ட பிறகு, சபை முழுதும் கூடியிருக்க, வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் வந்து ஓலையை எடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் அதை வாங்கி வாசிக்கிறான். விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள்? கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருந்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. அப்படிப்பட்ட எச்சரிக்கைக்காரர்கள் அவர்கள். ஊரில் உள்ள எந்தப் பெரியவர் கையையும் அவர்கள் முழுசாக நம்பவில்லை. ஒரு சிறுவனின் கையைத்தான் நம்பினார்கள்.

சிறுவனுக்கு அங்கே கை இருந்தது. வாய் இல்லை. ஓலையை எடுத்துக் கொடுத்துவிட்டு அவன் போய்விட வேண்டும். 1,100 ஆண்டு கழிந்தும் நம் சபைகளில் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய அந்த இடம்தான். மாலை போடக் கூப்பிடுகிறோம், வரவேற்பு நடனம் ஆடக் கூப்பிடுகிறோம், பரிசு வாங்கக் கூப்பிடுகிறோம்.

இனி வெகு தொலைவில் உள்ள ஓர் ஊருக்குப் போவோம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் பார்க்லேண்ட் என்ற ஊர். அங்கே மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளி. 2018 பிப்ரவரி 14 அன்று பிற்பகல், அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவன், 19 வயதுக்காரன், ஏ.ஆர்.15 வகைத் துப்பாக்கியோடு ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தான். ஆறு நிமிடம். மாணவர் 14 பேர், பணியாளர் 3 பேர், ஆக 17 உயிர்கள் போயின. இன்னும் 17 பேர் குண்டுக் காயத்தோடு தப்பினார்கள். அந்தத் துப்பாக்கியை அவன் கள்ளச் சந்தையில் வாங்கவில்லை. 18 வயதில், கடையில், சட்டப்படி வாங்கினான்.

அமெரிக்காவுக்கு இது புதிதல்ல. 1999 கொலம்பைன் பள்ளி, 2012 சாண்டி ஹூக் பள்ளி என்று வரிசை நீளம். ஒவ்வொரு முறையும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், தலைவர்கள் பிரார்த்திக்கிறோம் என்பார்கள், கொஞ்ச நாளில் அடங்கிவிடும். பார்க்லேண்டில் அடங்கவில்லை. காரணம், தப்பிப் பிழைத்த பிள்ளைகள். ஒருவர் டேவிட் ஹாக். பள்ளித் தொலைக்காட்சிக்குச் செய்தி சேகரித்துப் பழகியவர். துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்திலேயே, ஒளிந்திருந்த அறைக்குள் கூட இருந்த மாணவர்களைப் பேட்டி எடுத்து ஃபோனில் பதிவு செய்தார். ஜாக்லின் கோரின் என்ற மாணவி வகுப்புத் தலைவி. நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, சுமார் 100 மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு மாநிலத் தலைநகர் டலஹாசிக்குப் போனார். போய்ச் சேருவதற்குள்ளாகவே, தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்குத் தடை கேட்கும் மசோதாவை விவாதத்துக்கு எடுக்கலாமா என்ற தீர்மானத்தைப் புளோரிடா கீழவை 71க்கு 36 என்று தோற்கடித்துவிட்டது. முன்னதாகவே வந்து மாடத்தில் உட்கார்ந்திருந்த சில மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுத படம் உலகம் முழுக்க வந்தது.

ஆனாலும் போனார்கள், ஒவ்வோர் உறுப்பினர் அறையாகத் தட்டினார்கள். மார்ச் 9 அன்று, அதாவது 23ஆம் நாள், ஆளுநர் ரிக் ஸ்காட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பள்ளியின் பெயரையே அந்தச் சட்டத்துக்கும் வைத்தார்கள். எந்தத் துப்பாக்கி வாங்கவும் வயது 21. வாங்கக் கேட்டால் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்வார் என்று தெரிந்தால் நீதிமன்ற ஆணை பெற்று அவர் துப்பாக்கியைக் காவல்துறை எடுத்து வைக்கலாம். பிள்ளைகள் கேட்ட எல்லாமும் அதில் இல்லை. பள்ளிப் பணியாளர் சிலருக்குத் துப்பாக்கி கொடுக்கும் திட்டத்தை அவர்கள் எதிர்த்தார்கள், அதுவும் அதே சட்டத்தில் ஏறியது. துப்பாக்கிச் சங்கம் அன்றைக்கே வழக்குப் போட்டது. ஆனால் துப்பாக்கிக்கு மிகவும் இணக்கமான மாநிலம் என்று பேர் எடுத்த ஒன்றில், அசையாதது அசைந்தது. 21 வயது நிறையாதவருக்கு ஆயுத உரிமம் இல்லை என்று நம் நாட்டுச் சட்டம் வெகு காலமாகச் சொல்லிவருவதை, அவர்கள் 17 உயிரைக் கொடுத்த பிறகு எட்டினார்கள்.

மார்ச் 24 அன்று வாஷிங்டனில் பெருங்கூட்டம். மேடையேறினார் எம்மா கொன்சாலஸ், இன்று எக்ஸ் கொன்சாலஸ் என்று அறியப்படுகிறவர். இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்கள் இனிச் செய்யப்போவதில்லை என்று சின்னச் சின்ன விஷயங்களைச் சொன்னார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். நேரே பார்த்தபடி நின்றார், கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. கூட்டத்துக்கு விளங்கவில்லை. கை தட்டிப் பார்த்தார்கள், கோஷம் போட்டுப் பார்த்தார்கள், கடைசியில் அவர்களும் அடங்கினார்கள். நிமிடக் கணக்கில் மௌனம். கடிகார மணி ஒலித்தபோது சொன்னார், தான் மேடையேறி 6 நிமிடம் 20 விநாடி ஆகிறது, கொலைகாரன் எடுத்துக்கொண்ட நேரமும் அவ்வளவுதான் என்று. அந்தக் காணொளியை என் கடைசி ஆண்டு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வகுப்பில் ஒன்றும் கேட்கவில்லை.

இவ்வளவு தெளிவாகப் பேச இந்தப் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியை அங்கேயும் கேட்டார்கள், கெட்ட எண்ணத்தோடு. காசு வாங்கி நடிக்கும் நடிகர்கள் என்று பரப்பினார்கள். அப்படிச் சொன்ன ஒரு சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளருக்கு வேலையே போயிற்று. உண்மையான பதில் ஆசிரியனாகிய எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. பார்க்லேண்ட் இருக்கும் பிரவர்டு மாவட்டத்தில் அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் விவாதப் பயிற்சி இருந்தது. அந்தக் கல்வியாண்டில் துப்பாக்கிக் கட்டுப்பாடு அவர்களுக்கு விவாதத் தலைப்பாகவே இருந்தது. இரண்டு பக்கத்து வாதத்தையும் புள்ளிவிவரத்தோடு படித்து, எதிராளி என்ன சொல்வான் என்று யோசித்து, பயிற்சி எடுத்திருந்தார்கள். நாடகக் குழு, பள்ளிப் பத்திரிகை, பள்ளித் தொலைக்காட்சி என்று மீதியும் பள்ளிக்கூடம் கொடுத்ததே.

நம் பிள்ளைகளுக்கு நாவன்மை குறைவில்லை. பேச்சுப் போட்டியில் ஏழாம் வகுப்புப் பெண் மூச்சு விடாமல் ஐந்து நிமிடம் பேசுவாள். ஆனால் எழுதிக் கொடுத்தவன் நான். ஏற்ற இறக்கம் சொல்லிக் கொடுத்தவனும் நான். அவளை நிறுத்தி, ‘அம்மா, இதில் உனக்கு உடன்பாடு இல்லாத வரி எது?’ என்று 31 ஆண்டில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எல்லாப் பிள்ளையாலும் எழுந்து பேச முடியாது என்பதும் உண்மை. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற சிற்றூரில் 1996 மார்ச் 13 அன்று, பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 16 குழந்தைகளையும் அவர்கள் ஆசிரியையையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். ஐந்தாறு வயதுக் குழந்தைகள். அவர்களுக்காகப் பெற்றோரும் ஊராரும் பேசினார்கள். ‘பனித்துளிப் பூ’ என்று பெயர் வைத்து ஒரு மனு எழுதி ஏழு லட்சத்துக்கும் மேலான கையெழுத்து வாங்கினார்கள். 1997 முடிவதற்குள் பிரிட்டனில் தனியார் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது ஏறத்தாழ முழுதாகத் தடைபட்டது. நம் கும்பகோணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2004 ஜூலை 16, பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகள். கூரை வேய்ந்த வகுப்பறைகள் தமிழ்நாடு முழுக்க அகன்றதற்குப் பின்னால் அந்தச் சாம்பல் இருக்கிறது. தீர்ப்புக்காகப் பத்து ஆண்டு நீதிமன்ற வாசலில் நின்றவர்கள் பெற்றோர்கள்.

ஆக, குழந்தை சின்னதாக இருந்தால் பெற்றவர்கள் பேசுகிறார்கள். பதினாறு பதினேழு வயதானால்? அங்கேதான் நம் கதை வருகிறது.

நம் நாட்டில் பள்ளிக்குள் துப்பாக்கி என்பது அபூர்வம். 2007 டிசம்பரில் குர்கானில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை உடன் படித்தவர்களே சுட்டுக் கொன்றது நாட்டை உலுக்கிற்று. நம் தென் மாவட்டங்களில் பிள்ளைகள் கைக்கு எட்டுவது அரிவாள். ஆயுத விதிகளைப் படித்துப் பார்த்தேன். ஒன்பது அங்குலத்துக்கு நீளமான, அல்லது இரண்டு அங்குலத்துக்கு அகலமான வெட்டுமுனை உள்ளவை ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்தவை வராது. கரும்பு வெட்டவும் கருவை கழிக்கவும் ஓர் உழவன் உரிமம் கேட்டு அலையக் கூடாது, சரிதான். அந்தச் சந்து வழியேதான் அரிவாள் பள்ளிக்கூடப் பைக்குள் வந்து சேருகிறது. 2021 செப்டம்பரில் காவல்துறை மாநிலம் முழுக்கச் சோதனை நடத்தியபோது, கொல்லுப் பட்டறைக்காரர்கள் வாங்குகிறவர் பெயர் முகவரியைக் குறித்து வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். நல்ல யோசனை. ஆனால் வீட்டுப் பரணில் ஏற்கெனவே கிடக்கும் அரிவாளை எந்தப் பட்டறைக் கணக்கில் தேடுவது?

தென் மாவட்டத்து நாங்குநேரியில் வெட்டுப்பட்ட ஒரு பிள்ளைக்கு வருகிறேன். அந்தப் பிள்ளையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. செய்தித்தாளில் எல்லாரும் படித்ததுதான், ஆனாலும் வேண்டாம். பிளஸ் டூ படித்த மாணவர், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் கொடுத்த தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். ஏன் வரவில்லை என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். சொன்னார். அந்தப் புகாரை அடுத்து, 2023 ஆகஸ்ட் 9 இரவு, அவர் வீட்டுக்குள்ளேயே அரிவாளோடு புகுந்தார்கள். குறுக்கே விழுந்த தங்கைக்கும் வெட்டு.

அதன் பிறகு நல்ல காரியங்களும் நடந்தன. ஓய்வு பெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. குழு மாணவர், பெற்றோர், கல்வியாளர் பலரிடமும் கருத்துக் கேட்டது. 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதியை எடுக்க வேண்டும், பள்ளி நல அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று அதில் பல பரிந்துரைகள். அதற்கு ஒரு மாதம் முன்னால், வெட்டுப்பட்ட அந்த மாணவர் பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 எடுத்தார். முதலமைச்சர் அழைத்துப் பாராட்டினார். நாமெல்லாரும் கண் கலங்கினோம்.

கண் கலங்கியதோடு நாம் நின்றுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். அவர் மதிப்பெண்ணைக் கொண்டாடினோம். ஆனால் அவரிடம் ஒரு தகவல் இருந்தது. ஒரு பள்ளியில் புகார் சொன்னவன் பெயர் எப்படி, யார் வழியாக, எத்தனை மணி நேரத்தில், யாரைப் பற்றிச் சொன்னானோ அவன் காதுக்குப் போய்ச் சேருகிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கல்வி அலுவலருக்கும் தெரியாது. அது அழுகைக்கான விஷயம் இல்லை, விதிமுறைக்கான விஷயம். புகார்ப் பெட்டி எங்கே இருக்க வேண்டும், சாவி யார் கையில், பெற்றோரை அழைத்து விசாரிப்பதற்கு முன்னால் புகார் சொன்னவன் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தானா என்று பார்ப்பது யார் பொறுப்பு. இதையெல்லாம் எழுதும்போது பக்கத்து நாற்காலியில் அப்படிப்பட்ட ஒரு பிள்ளை இருந்தால் சட்டம் வேறு மாதிரி எழுதப்படும்.

அமெரிக்காவிலும் அப்படித்தான். 2022 மே மாதம் டெக்சாஸில் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். உயிர் பிழைத்த 11 வயதுச் சிறுமி ஒருத்தி, நாடாளுமன்றக் குழுவிடம் காணொளியில், இறந்துகிடந்த தோழியின் ரத்தத்தைத் தன் மேல் பூசிக்கொண்டு செத்தவள் போலக் கிடந்ததைச் சொன்னாள். அதே ஆண்டு ஜூன் 25 அன்று, சுமார் 30 ஆண்டுக்குப் பிறகு முதல் முறையாகக் குறிப்பிடத்தக்க ஒரு துப்பாக்கிச் சட்டம் அந்த நாட்டில் கையெழுத்தானது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் குழந்தைக்குக் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு என்கிறது. 1992 டிசம்பரிலேயே இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா இன்னும் ஏற்கவில்லை. ஏற்காத நாட்டில் பிள்ளைகள் தாங்களாகவே கதவைத் தட்டி உள்ளே போனார்கள். ஏற்றுக்கொண்ட நம் நாட்டில், கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு முக்கால் பங்கு கொடுக்கிறது. மாணவருக்கு ஓர் இடம் என்று அதில் ஒரு சொல் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒன்றை நான் மதிக்கிறேன். காயம்பட்ட பிள்ளை மேல் ஊர்ப் பாரத்தையும் ஏற்றலாமா? ஏற்றக் கூடாது. பார்க்லேண்ட் நடந்து ஓர் ஆண்டு கழிந்து, 2019 மார்ச்சில், அந்தத் துப்பாக்கிச் சூட்டிலிருந்து தப்பிய இரண்டு இளம் உயிர்கள் ஒரு வார இடைவெளியில் தம்மை மாய்த்துக்கொண்டன. பேசியவர்களும் பேசாதவர்களும் உள்ளே எதைச் சுமந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்த வாஷிங்டன் மேடையில் பேச எழுந்த சமாந்தா ஃபுவென்டெஸ், உடம்பில் குண்டுபட்டுப் பிழைத்தவர், பாதிப் பேச்சில் வாந்தி எடுத்தார். துடைத்துக்கொண்டு மீதியைப் பேசினார். கைதட்டுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தது யார் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. எனவே பேசு என்று எந்தப் பிள்ளையையும் தள்ளக் கூடாது. பேச வந்தால் கேட்க ஆள் வேண்டும், பேசிய பிறகும் கூட இருக்க ஆள் வேண்டும்.

என் கதையைச் சொல்லி முடிக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை, பத்தாம் வகுப்பில் இரண்டு கோஷ்டி. ஒரு நாள் மதிய இடைவேளையில் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் கத்தி வீச்சு. குறுக்கே கை நீட்டிய ஒரு பையனுக்கு உள்ளங்கையில் ஆழமான வெட்டு. ஆறு தையல். மறுநாள் தலைமையாசிரியர் அறையில் கூட்டம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தார், ஊர்ப் பெரியவர்கள், காவல் நிலையத்திலிருந்து ஒருவர், நாங்கள் ஆசிரியர்கள். இரண்டு மணி நேரம் பேசி ஒரு தீர்மானம் எழுதினோம். காலையில் நுழைவாயிலில் பை சோதனை. எழுதியவன் நான், என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

அந்தப் பையன் வெளியே வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றான். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்திருந்தான், கட்டின் ஓரத்தில் நீல மை. ஒரு கையால் பேனா மூடியைத் திறக்கப் பார்த்திருக்கிறான் போலும். வெளியே வந்த என்னிடம் மெதுவாகச் சொன்னான்: “சார், கத்தி பையில வரல. பின்பக்கச் செவுத்துல ஓட்டை இருக்கு. காலையிலேயே வெச்சிட்டு, மத்தியானம் எடுப்பாங்க. எல்லாருக்கும் தெரியும்.”

எல்லாருக்கும் என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. “ஏன்டா உள்ள வந்து சொல்லல?” என்று கோபமாகத்தான் கேட்டேன். “யாரும் என்னக் கூப்பிடலயே சார்” என்றான்.

தீர்மானத்தை நான் திருத்தவில்லை. பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிட்டார்கள், மறுபடி எப்படிக் கூப்பிடுவது என்ற கூச்சம். ஒரு வருஷம் பையைச் சோதித்தோம். டிபன் பாக்ஸையும் ஜியாமெட்ரி பாக்ஸையும் திறந்து பார்த்தோம். சுவர் அப்படியே இருந்தது.

அவன் இப்போது இந்த மாவட்டத்தில்தான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இந்தப் பேச்சைத் தயார் செய்யும்போது அவனைத் தேடிப் போனேன். உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொன்னேன், ஐந்து விரலும் விரியவில்லை, நடுவிரல் பாதியில் மடங்கி நிற்கிறது. உன் கதையை ஒரு கூட்டத்தில் சொல்லலாமா என்று கேட்டேன். ஹேண்டில்பாரைத் துணியால் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தான்.

“சொல்லுங்க சார். ஆனா என் பேரும் ஸ்கூல் பேரும் வேணாம். என் பையன் இப்ப அங்கதான் படிக்கிறான்.”